உப்புத்தாளும் பிராசசரும்: ஒரு கியூ6600-ஐத் தேய்த்து மட்டமாக்கிய நிகழ்வு

2010 மே மாதம். கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய கணினி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் அப்போது அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். பிளெண்டர் என்ற மென்பொருளில் அவள் செய்யும் சின்னச் சின்னக் காட்சிகளை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாகக் கணித்தெடுக்க, ஆறேழு மணி நேரம் ஆகும். பகலில் மின்வெட்டு என்பதால் அந்த வேலையை இரவில்தான் போட முடியும். படுக்கையும் கணினியும் ஒரே அறையில்.

"சித்தப்பா, ஃபேன் சத்தத்துல தூக்கமே வர்றதில்ல. நிறுத்திட்டா காலைல ரெண்டர் முடிஞ்சிருக்காது" என்றாள்.

இந்த ஒரு வரிதான் கீழே சொல்லப்போகும் வேலை முழுவதற்கும் காரணம். பிராசசரின் மேலே இருக்கும் உலோக மூடியையும், அதன் மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்துக் காற்றில் விடும் ஹீட்சிங்கின் அடியையும் உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கினால் சூடு குறையும் என்று பலரும் செய்து காட்டியிருந்தார்கள். சூடு குறைந்தால் ஃபேனை மெதுவாக ஓட்டலாம். படங்களில் செம்பு கண்ணாடி போல மின்னியது. குறைவது உண்மையிலேயே எதனால், எந்தக் கட்டத்தில் எத்தனை டிகிரி என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறுத்தி அளந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கணினியும் அதன் சூடும்

பிராசசர் இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600, ஜி0 ஸ்டெப்பிங் (ஸ்டெப்பிங் என்றால் அதே சிப்பின் திருத்திய பதிப்பு). இந்தச் சிப் 2007 தொடக்கத்தில் வந்தது. 65 நானோமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ். முதலில் வந்த பி3 ஸ்டெப்பிங்குக்குச் சூடு 105 வாட் என்று குறித்திருந்தார்கள். அதே ஆண்டின் நடுவில் வந்த ஜி0-வுக்கு 95 வாட். ஒரே மூடிக்குக் கீழே இரண்டு தனித்தனி சிலிக்கான் சில்லுகள், ஒவ்வொன்றும் 143 சதுர மில்லிமீட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு கோர். சில்லுக்கும் மூடிக்கும் நடுவே சாலிடர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகம். இந்தச் சாலிடர் முக்கியமான விஷயம், பின்னால் திரும்ப வருகிறேன்.

அந்தக் காலத்தில் கியூ6600 வைத்திருந்தவர்களில் பலர் அதை 2.4-லேயே விட்டுவைக்கவில்லை. பஸ் என்ற அடிப்படை வேகத்தைப் பெருக்கல் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். பெருக்கல் எண் 9. பஸ்ஸை 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333-க்கு ஏற்றினால் 3.0 கிகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். இந்தக் கணினியும் 3.0-ல்தான் ஓடியது, வோல்டேஜை ஏற்றாமலே. வேகம் கால் பங்கு கூடினால் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும் என்று வைத்துக்கொண்டால், 95 வாட் என்பது 119 வாட் ஆகும். கணக்குக்கு 120 என்று எடுத்துக்கொண்டேன்.

ஹீட்சிங்க் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உயரமான டவர், செம்பு அடி, அதிலிருந்து எழும் வெப்பக் குழாய்கள், அலுமினியத் தகடுகள், 120 மில்லிமீட்டர் ஃபேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஒரே ஒரு பீஸை வைத்து அந்த மாடல் முழுவதையும் குறை சொல்வது நியாயம் ஆகாது.

அளக்கும் முறையை முதலில் முடிவு செய்தேன். பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 என்ற மென்பொருளை ஸ்மால் எஃப்எஃப்டி முறையில் 30 நிமிடம் ஓட்ட வேண்டும், ஃபேன் முழு வேகத்தில், பெட்டியின் பக்கக் கதவு திறந்தபடி. நான்கு கோர்களின் சூட்டையும் கோர் டெம்ப் என்ற மென்பொருளில் படித்துச் சராசரி எடுத்து, அதிலிருந்து அறைச் சூட்டைக் கழிக்க வேண்டும். ஃபேன் காற்று இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. கோயம்புத்தூர் மே மாதத்தில் காலைக்கும் மதியத்துக்கும் அறைச் சூடு 6, 7 டிகிரி மாறும். அதைக் கழிக்காமல் "எனக்கு 8 டிகிரி குறைந்தது" என்று சொல்வதில் பொருளே இல்லை. இன்னொன்று, அந்தத் தலைமுறை பிராசசரில் உள்ள சென்சார் நேரடியாகச் சூட்டைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதம் என்று மட்டும் சொல்லும். அந்த வரம்பு எவ்வளவு என்பதை மென்பொருள் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு கழிக்கும். ஆகவே தனியாக ஓர் எண்ணை நம்பக் கூடாது. அதே சிப்பில் இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

அப்புறம், ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டினாலே ஒன்றிரண்டு டிகிரி மாறும். மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், திருகு ஒரு பக்கம் இறுகியிருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று முறை கழற்றி, துடைத்து, மாட்டி, அளந்தேன்.

எதையும் தொடாமல் முதல் அளவு: அறைச் சூட்டுக்கு மேல் 49 டிகிரி. அறை 32 என்றால் கோர் 81. பழைய பேஸ்ட்டை ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) வைத்துத் துடைத்துவிட்டுப் புதியது போட்டதும் 45. வெறும் பேஸ்ட் மாற்றியதிலேயே 4 டிகிரி போய்விட்டது! தேய்த்ததால் சூடு குறைந்தது என்று சொல்பவர்கள் பலர் இந்த 4-ஐயும் தேய்த்த கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நானும் நேராக உப்புத்தாளை எடுத்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். என் உண்மையான தொடக்கப் புள்ளி 45தான்.

மாமா சொன்னது

என் மாமா மோட்டார் பம்ப் செய்யும் ஒரு பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஹீட்சிங்கை அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அதன் அடி ஏற்கெனவே நன்றாக மின்னியது. முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு. அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது நல்லாத்தான் இருக்குதுங்க, இதுக்கு மேல தேய்க்கணுமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அதன் விளிம்பை அடியின் மேல் நிறுத்தி, ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஓரங்களில் ஸ்கேல் ஒட்டியிருந்தது. நடுவில் மெல்லிய வெளிச்சக் கீற்று.

"கண்ணு, மின்னறது வேற, மட்டம் வேற. நடுவுல குழி உளுந்திருக்குது பாரு" என்றார்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜில் 0.05 மில்லிமீட்டர் தகடு அந்தக் கீற்றுக்குள் போனது. 0.10 போகவில்லை. ஆக, குழிவு இந்த இரண்டுக்கும் நடுவே; 0.07 என்று வைத்துக்கொண்டோம். ஒரு மெல்லிய காகிதத்தின் கனம்தான். ஆனால் அது இருந்த இடம் பொல்லாத இடம். கீழே இரண்டு சில்லுகளும் மூடியின் நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. சூடு பிறக்கும் இடத்துக்கு நேர் மேலே இடைவெளி, சூடே இல்லாத ஓரங்களில் நல்ல தொடுதல்.

பிராசசர் மூடியிலும் அதே ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். அங்கேயும் நடுவில் லேசான வெளிச்சம், ஆனால் 0.05 தகடு போகவில்லை. மூடி செம்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்து நிக்கல் முலாம் பூசியது. இந்த அளவு வளைவு இருப்பது இயல்பு. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். தனக்குக் குறித்த வேகத்தில் அந்தச் சிப் ஓட அந்த மட்டம் தாராளமாகப் போதும். நாங்கள்தான் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு படலத்தின் இரு பக்கத்துக்கும் நடுவே உள்ள சூட்டு வித்தியாசம் என்பது, கடக்கும் வாட்டைப் படலத்தின் கனத்தால் பெருக்கி, கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் வருவது. செம்பின் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வினில்) சுமார் 400. காற்றுக்கு 0.026. நான் வைத்திருந்த பேஸ்ட்டுக்கு 4 என்று எடுத்துக்கொண்டேன். பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும், ஆனால் செம்பில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே அது இடுக்கை நிரப்பும் பொருளே தவிர, இடைவெளியை ஈடுகட்டும் பொருள் ஆகாது. பரப்புக்கு மூடி முழுவதையும் எடுக்காமல், சூடு கடக்கும் நடுப்பகுதி 4 சதுர சென்டிமீட்டர் என்று எடுத்தேன். இரு குழிவும் சேர்ந்து பேஸ்ட் 0.12 மில்லிமீட்டர் கனமாக நிற்கிறது என்றால், 120 வாட்டுக்கு அந்தப் படலத்தில் மட்டும் 9 டிகிரி போகிறது. இரண்டு முகமும் நன்றாகப் பொருந்திப் படலம் 0.02 ஆகிவிட்டால் 1.5 டிகிரி. அதாவது தேய்ப்பதால் எனக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச லாபம் ஏழெட்டு டிகிரி. கையில் உப்புத்தாளை எடுக்கும் முன்பே இது தெரிந்தது பெரிய நிம்மதி. இருபது டிகிரி குறையும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அதே கணக்கில் சோதித்தேன். நிக்கல் செம்பைவிட மோசமான கடத்தி, சுமார் 90தான். அதனால் நிக்கலை உரித்தெடுப்பதே லாபம் என்று சிலர் சொல்வார்கள். முலாம் 5 மைக்ரான் என்று வைத்தால் அதில் விழுவது 0.02 டிகிரிகூட இல்லை. நிக்கல் போவது மட்டமாக்கும்போது வேறு வழியில்லாமல் நடப்பது. அதுவே நோக்கம் அல்ல.

ஹீட்சிங்க்: தப்பாகத் தேய்த்த முதல் நாள்

கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் ஃப்ளோட் கண்ணாடி ஓர் அடிக்கு ஓர் அடி வாங்கினேன். ஃப்ளோட் கண்ணாடி உருக்கிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது. இந்த வேலைக்குத் தேவையான மட்டம் அதில் தானாகவே இருக்கும். பெயின்ட் கடையில் கார் பாலீஷ் போடுகிறவர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர்: 400, 600, 800, 1000, 1500, 2000 நம்பர்கள். 400 நம்பரில் துகள் சுமார் 35 மைக்ரான், 800-ல் 22, 2000-ல் 10. மரத்துக்கான சாதாரண உப்புத்தாள் இதற்கு ஆகாது, தண்ணீர் பட்டதும் பிய்ந்துவிடும்.

பேப்பரின் நான்கு பக்கத்தையும் கண்ணாடியில் இறுக்கி ஒட்டி, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து தெளித்து, ஹீட்சிங்கைத் தலைப்பக்கம் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தேன். ஒரு மணி நேரம். பார்க்க அழகாக வந்தது. மறுநாள் மாமா ப்ளூ போட்டுப் பார்த்தார். மார்க்கிங் ப்ளூவைக் கண்ணாடியில் மிக மெல்லியதாகத் தடவி, அதன் மேல் அடியை ஒருமுறை வைத்து எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் நீலம் ஒட்டும். நடுவில் ஒரு பட்டையாக மட்டும் ஒட்டியிருந்தது. முன் ஓரமும் பின் ஓரமும் காலி.

குழிவாக இருந்ததை நான் புடைப்பாக ஆக்கியிருந்தேன்.

காரணத்தை அவர் உடனே சொன்னார். டவர் உயரமானது. மேலே பிடித்துத் தள்ளும்போது அது முன்பக்கம் சாய்ந்து முன் ஓரத்தை அழுத்தும். இழுக்கும்போது பின் ஓரம். கண்ணுக்குத் தெரியாத இந்த ஆட்டமே ஓரங்களைத் தின்றுவிடும். தேய்க்கும் வேலையில் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தம்தான்.

திரும்பவும் 400-இலிருந்து. இம்முறை ஃபேனைக் கழற்றிவிட்டு, விரல் நுனியால் அடித்தட்டை ஒட்டிப் பிடித்து, தள்ளாமல் இழுக்க மட்டும் செய்தேன். ஹீட்சிங்கின் சொந்த எடையே போதும். இருபது இழுப்புக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பினேன். அடியில் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தேன். கோடு எங்கே அழிகிறது என்று பார்த்தால் எங்கே உயரம் என்று தெரியும். முதலில் முந்தைய நாள் நான் உண்டாக்கிய நடுப் புடைப்பில் அழிந்தது, பிறகு மெதுவாக ஓரங்களுக்குப் பரவியது. கோடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அழியத் தொடங்கியதும் 400-ன் வேலை முடிந்தது. 600, 800 இரண்டும் சேர்ந்து கால் மணி நேரம்தான். மட்டத்தைக் கொண்டுவருவது முதல் நம்பர். அடுத்தவை எல்லாம் முந்தியது போட்ட கீறலைத் துடைப்பதற்கு.

800-லேயே நிறுத்தினேன். செம்பு மங்கலாக, சாம்பல் கலந்த ரோஜா நிறத்தில் இருந்தது. வாங்கும்போது இருந்த மினுமினுப்பில் பாதிகூட இல்லை. கழுவி, ஐபிஏவால் துடைத்து, மாட்டி, மூன்று முறை அளந்தேன்: 41, 40, 40. தொடக்கம் 45. மினுமினுப்பைக் கெடுத்துவிட்டு 5 டிகிரி குறைத்திருந்தேன்.

மாமாவிடம் அன்று ஒரு கேள்வி கேட்டேன். கண்ணாடி எதற்கு, ஹீட்சிங்கையும் பிராசசர் மூடியையும் ஒன்றோடொன்று வைத்தே தேய்த்தால் இரண்டும் பொருந்திவிடாதா? பட்டறைக்காரர்களுக்கு இது பழைய கேள்வி. இரண்டு தட்டை ஒன்றோடொன்று தேய்த்தால் பொருந்தும்தான், ஆனால் ஒன்று குழிவாகவும் மற்றது அதே அளவு புடைப்பாகவும் பொருந்திக்கொள்ளும். ஆகவே மட்டப் பலகை செய்ய மூன்று தட்டு வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் பொருந்த வேண்டுமென்றால் மூன்றும் மட்டமாக இருந்தால்தான் முடியும். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1840-ல் கிளாஸ்கோவில் இந்த விஷயத்தைக் கட்டுரையாகப் படித்தார். எமரி என்ற தேய்ப்புத் தூளில் தேய்த்து மட்டம் கொண்டுவருவதை அவர் ஏற்கவில்லை. ஸ்கிரேப்பரால் உயர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். மாமாவும் அதே கட்சி. "தேய்ச்சா எங்க போகுதுன்னு உன் கையில இல்ல. சொரண்டினா உன் கையில இருக்குது" என்பார்.

யோசித்துப் பார்த்தால், சூடு கடத்துவதற்குப் பொருந்தினாலே போதும். மட்டம் தேவையே இல்லை. ஆனால் அப்படிப் பொருத்திய ஜோடியில் ஒன்று மாறினால் மற்றதும் வீண். தவிர, செம்பு மென்மையானது. துகள் அதில் குத்திக்கொண்டு நிற்கும். பிராசசர் மூடியை அந்தச் சேற்றில் போட்டு அரைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கண்ணாடியில் மட்டமாக்குவதுதான் சரி என்று தோன்றியது.

மூடி

இதில் பயம் அதிகம். உத்தரவாதம் போய்விடும், மூடியில் அச்சடித்த எண்களும் போய்விடும், பிறகு அந்தச் சிப் எது என்று யாருக்கும் காட்ட முடியாது. எண்களைப் படம் எடுத்து வைத்தேன். இந்த வகைப் பிராசசரில் ஊசிகள் கிடையாது, கீழே தங்கப் புள்ளிகள். நடுவில் நுண்ணிய கெபாசிட்டர்கள். அவற்றில் தண்ணீரும் செம்புத் தூளும் போகக் கூடாது. சிப் வந்த பிளாஸ்டிக் உறையிலேயே அதை உட்கார வைத்து, ஓரங்களில் டேப் ஒட்டினேன். தண்ணீரைத் தெளிக்கவில்லை, ஈரத் துணியால் பேப்பரைத் தடவினேன், அவ்வளவுதான்.

ஹீட்சிங்கில் கற்ற பாடம் இங்கே உதவியது. எடையே இல்லாத பொருள் என்பதால் விரலை நடுவில் வைத்து மெல்ல அழுத்த வேண்டியிருந்தது, ஆனால் ஆட்டம் இல்லை. முதலில் நான்கு மூலைகளிலும் செம்பு எட்டிப் பார்த்தது. பிறகு நான்கு ஓரங்கள். வெள்ளி நிறம் நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கும்போது மூடியின் உருவம் அப்படியே வரைபடமாகத் தெரிந்தது. எந்த மூலை உயரம், எந்தப் பக்கம் தாழ்வு என்பதெல்லாம். கடைசியில் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நிக்கல் புள்ளி நின்றது. அது போக இன்னும் இருபது நிமிடம் ஆனது. அந்த இடம்தான் மூடியிலேயே பள்ளமான இடம், சில்லுகளுக்கு நேர் மேலே.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் 400-இலிருந்து 1000 வரை முடித்தேன். சாக்கெட்டின் இரும்புச் சட்டம் மூடியின் தாழ்ந்த தோள்களில் உட்காருவதால், நடு மேட்டில் கொஞ்சம் குறைந்தாலும் பிராசசரை அது பிடிக்கும் பிடியில் மாற்றம் இல்லை. உலர வைத்து, கீழே உள்ள புள்ளிகளை ஐபிஏ நனைத்த துணியால் துடைத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் மாட்டினேன். கணினி எழுந்து திரை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

37, 37, 38.

கடைசியாகக் கண்ணாடிப் பளபளப்பு. இந்தச் சோதனைக்காகத்தான் அதை இறுதிவரை தள்ளி வைத்திருந்தேன். இரண்டு முகத்தையும் 1500, 2000 நம்பர்களில் தேய்த்து, பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் மெட்டல் பாலீஷைப் பழைய பருத்தித் துணியில் எடுத்துத் தேய்த்தேன். அண்ணன் மகள் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரினாள். அவ்வளவு தெளிவு. அளந்தேன்: 37, 37, 38.

ஒரு டிகிரிகூட மாறவில்லை. ஏன் என்பது கணக்கிலேயே இருக்கிறது. 800, 1000 நம்பர் விடும் கீறல்கள் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம். பேஸ்ட்டில் கலந்திருக்கும் துகள்களே அந்த அளவுக்கு இருக்கும். படலம் அதற்கும் கீழே மெலியாது. ஒரு மைக்ரான் பேஸ்ட்டுக்கு என் கணக்கில் 0.075 டிகிரி. அதை என் தெர்மாமீட்டரால் அளக்கவே முடியாது. இன்னும் சொன்னால், மெத்தென்ற துணியில் ரொம்ப நேரம் பாலீஷ் போட்டால் ஓரங்கள் உருண்டு, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த மட்டம் கெடும். அதனால் அடுத்து யாராவது கேட்டால் 800-ல் நிறுத்தச் சொல்வேன். பாலீஷ் போடும் ஆசை இருந்தால் போடட்டும், பார்க்க அழகுதான். ஆனால் சூட்டுக்காக என்று நினைக்க வேண்டாம்.

மொத்தம் 49-இலிருந்து 37. அதில் 4 பேஸ்ட், 5 ஹீட்சிங்க், 3 மூடி. தேய்த்ததன் பங்கு 8. கணக்கு சொன்ன ஏழெட்டு டிகிரியோடு அது ஒத்துப்போனதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

அந்த 8 டிகிரியை நாங்கள் சூட்டுக் குறைவாக வைத்துக்கொள்ளவில்லை. ஃபேன் வேகத்தைக் குறைத்து, பழைய 45-க்கே திரும்ப வந்தோம். அறையில் சீலிங் ஃபேன் சத்தம்தான் கேட்டது. ரெண்டர் இரவெல்லாம் ஓடியது, அவள் தூங்கினாள்.

எல்லாச் சிப்பிலும் இது செல்லுமா?

செல்லாது. இந்த நிகழ்வில் அது செல்லுபடியானதற்கு முதல் காரணம் சாலிடர். சில்லிலிருந்து மூடிக்குச் சூடு நன்றாக ஏறிவிட்டது. அடைப்பு மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருந்தது. அதைச் சரி செய்தோம். 2012-ல் இன்டெல் ஐவி பிரிட்ஜ் வந்தபோது மூடிக்கு உள்ளே சாலிடருக்குப் பதில் பேஸ்ட் போட்டார்கள். அடைப்பு உள்ளே போய்விட்டது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பலன் கொஞ்சம்தான்; அதனால்தான் அந்தக் காலத்தில் மூடியையே பெயர்த்தெடுக்கும் வேலை பரவியது. 2018 அக்டோபரில் ஐ9-9900கே-யில் சாலிடர் திரும்ப வந்தது, ஆனால் சிலிக்கான் சில்லின் கனம் கூடியிருந்தது. ஜெர்மனியின் டெர்பவர் என்ற ஓவர்கிளாக்கர் (சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்) அந்தச் சில்லையே தேய்த்துக் காட்டினார். 2020-ல் ஐ9-10900கே-யில் இன்டெல் தானே சில்லை மெலிதாக்கி, மூடியைக் கனமாக்கிவிட்டது.

2021 நவம்பரில் வந்த இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் வேறொரு பாடம். அதில் மாட்டும் பிராசசர் சதுரமல்ல, 37.5-க்கு 45 மில்லிமீட்டர் நீளவாக்கு. சாக்கெட்டின் சட்டம் அதன் நீளப் பக்கங்களை நடுவில் மட்டும் அழுத்துவதால், மாட்டியதும் மூடி நடுவில் லேசாகத் தாழ்கிறது. வெளியே எடுத்து மட்டமாகத் தேய்த்தாலும் உள்ளே போனதும் வளைந்துவிடும். இகோர் வல்லோசெக் நடத்தும் இகோர்ஸ் லேப் என்ற இணையதளத்தில் 2022 தொடக்கத்தில் சட்டத்துக்கும் போர்டுக்கும் நடுவே வாஷர் போட்டு அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார்கள். அதன் பின் ஓரம் முழுவதும் ஒரே சீராக அழுத்தும் மாற்றுச் சட்டங்கள் கடைக்கு வந்தன. இந்தச் சிறு வளைவு எதிர்பார்த்ததுதான், சட்டத்தை மாற்றினால் உத்தரவாதம் போகலாம் என்பது இன்டெல்லின் நிலை. இங்கே உப்புத்தாளுக்கு முன் சட்டத்தைக் கவனிக்க வேண்டும்.

ஹீட்சிங்க் செய்பவர்களும் இதை அறிவார்கள். 2024-ல் நாக்டுவா என்ற கம்பெனி தன் என்ஹெச்-டி15 ஜி2 ஹீட்சிங்கை மூன்று விதமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது: சாதாரணப் புடைப்பு, கூடுதல் புடைப்பு, குறைந்த புடைப்பு. வளைந்து தாழும் மூடிக்குப் புடைப்பு அதிகமான அடி, மட்டமான மூடிக்கு மட்டமான அடி. ஆகவே புது ஹீட்சிங்கின் அடியில் புடைப்பு தெரிந்தால் உடனே கண்ணாடியில் வைத்துத் தேய்க்கக் கூடாது. வேண்டுமென்றே வைத்த புடைப்பாக இருக்கலாம். முதலில் பேஸ்ட் போட்டு மாட்டி, கழற்றி, தடம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் மெலிந்து ஓரத்தில் கனத்திருந்தால் பெரும்பாலும் தொட வேண்டியதே இல்லை.

வெப்பக் குழாய்கள் அடியில் நேராகத் தெரியும் ஹீட்சிங்கை எந்த நிலையிலும் தேய்க்க வேண்டாம். குழாயின் சுவர் மெல்லியது. ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் கொஞ்சம் திரவமும் வெற்றிடமும் போய், அது வெறும் செம்புக் குழாய் ஆகிவிடும். தேய்த்த பின் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் போட நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், வெறும் செம்புக்குள்ளும் ஊறும். நிக்கல் முலாம் அதற்குத் தடுப்பாக இருந்தது. அதை நாமே உரித்துவிட்டோம்.

2011 கோடையில் பேஸ்ட் மாற்ற ஹீட்சிங்கைத் திரும்பக் கழற்றினேன். துடைத்துப் பார்த்தபோது செம்பு முழுவதும் காப்பிப் பொடி நிறத்துக்கு மங்கியிருந்தது. முகம் பார்த்த பளபளப்பின் சுவடே இல்லை. மாமாவின் ஸ்கேலை வைத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. எதையும் தேய்க்காமல் அப்படியே புதுப் பேஸ்ட் போட்டு மாட்டி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு அரை மணி நேரம் ஓட்டினேன். அறைச் சூட்டுக்கு மேல் 37.